தக்காளி நெடி

மூன்றாவது ஷிப்ட் முடிந்து பேரிகையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் இரண்டு கைகளிலும் கூலன்ட் வாடை இருக்கும். இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க மெஷினுக்குள் பால் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் திரவம் அது. எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் தங்கிவிடும். ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இந்த வாடையைச் சொல்வார்கள். எனக்கு அது 26 வருடப் பழக்கம்.

வீட்டுக்குள் நுழையும் முன் பின்பக்கம் போவேன். அங்கே பதினான்கு தக்காளிச் செடிகள் நிற்கின்றன. ஆறு, பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 ரகம். நான்கு, வயலுக்கு நட்டு மிஞ்சிய ஹைப்ரிட் நாற்று. பக்கத்து நிலத்துக்காரர் கொடுத்தது. மூன்று, திராட்சை அளவே காய்க்கும் செர்ரி வகை. கடைசி ஒன்று துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தானாக முளைத்தது. முதல் செடியின் இளந்தண்டை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, கீழிருந்து மேலாக மெல்ல உருவி, விரலை மூக்கருகே கொண்டுபோவேன். அந்த நொடியோடு கூலன்ட் வாடை காணாமல் போகும். இராத்திரி முழுக்க இரும்பை முகர்ந்த மூக்குக்கு அப்போதுதான் விடியும்.

அந்த வாசத்தை எப்படிச் சொல்வது? மல்லிகைக்குச் சொல்வதைப் போல மணம் என்று சொல்ல முடியாது. நாற்றம் என்றால் செடிக்குச் செய்கிற அநியாயம். எங்கள் வீட்டில் அதற்கு நெடி என்றுதான் பெயர். மிளகாய் வறுபடும்போது வருகிற நெடி வேறு. இது குளிர்ந்த நெடி. பச்சையாக, கொஞ்சம் எலுமிச்சைத் தோல் போல, கொஞ்சம் மிளகு போல, அடியில் ஏதோ மருந்து போல. பழத்தில் இது இல்லை. பழத்தைக் காம்போடு முகர்ந்தால் வருவது காம்பின் வாசம். காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு முகர்ந்து பாருங்கள், பாதிக்கு மேல் போயிருக்கும்.

இங்கிலாந்துக்காரர் ஜான் ஜெரார்ட் 1597இல் வெளியிட்ட மூலிகை நூலில், இந்தச் செடி முழுவதுமே நாறுகிறது என்று எழுதிவைத்துவிட்டார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து புதிதாக வந்த செடி. அவருக்குப் பழகாத வாசம். பழத்தைத் தின்னவே பயந்த காலம் அது. நம் ஊருக்கு வந்தபோது நடந்தது வேறு. இங்கே தக்காளி என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. மணத்தக்காளி இருந்தது, கூட்டுக்குள் காய்த்து அழுத்தினால் சொடக்கென்று வெடிக்கும் சொடக்குத் தக்காளி இருந்தது. வந்தவள் அந்தக் குடும்பத்தில் சேர்ந்து சீமைத் தக்காளி ஆனாள். பிறகு சீமையும் உதிர்ந்தது. மணத்தக்காளியைச் சிலர் மணித்தக்காளி என்பார்கள், கறுப்பு மணி போல இருப்பதால். எனக்கு மணம்தான் பிடித்திருக்கிறது. பெயரிலேயே வாசத்தை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குள் இந்தச் செடி வந்து சேர்ந்தது பொருத்தம்தான்.

இந்த நெடியை நான் எப்போதும் நேசித்தேன் என்று சொன்னால் பொய். பேரிகை, சூளகிரி, பாகலூர், ராயக்கோட்டை என்று எங்கள் பக்கம் முழுக்கத் தக்காளி. எல்லையைத் தாண்டினால் மாலூர், கோலார், அங்கும் தக்காளிதான். எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர். வீட்டில் தெலுங்கு, அப்பாவை நாயனா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் போகும் முன் பறிக்கப் போவோம். ஒரு மணி நேரம் பறித்தால் விரல்கள் முதலில் மஞ்சள்பச்சையாகும், பிறகு கறுக்கும். ஒட்டும். கழுவினால் தண்ணீர் மஞ்சளாகப் போகும், கறுப்பு மட்டும் போகாது. நோட்டில் கைபட்ட இடமெல்லாம் கறை. வகுப்பில் கையை நீட்டச் சொல்லி அடித்ததும் உண்டு. அழுக்கு என்று நினைத்தார்கள். நானும் அழுக்கு என்றே நினைத்தேன்.

அம்மாதான் வழி சொன்னாள். "சோப்பு எதுக்கு நாயனா, பச்சைக் காயை நசுக்கித் தேய்." (அவள் பிள்ளையையும் நாயனா என்றுதான் கூப்பிடுவாள்.) பழுக்காத தக்காளி ஒன்றைக் கல்லில் நசுக்கி, அந்தச் சாற்றைக் கையில் தேய்த்தால் கறை கரைந்து வரும். புளிப்புதான் வேலை செய்கிறது. எலுமிச்சை, புளித் தண்ணீரும் ஆகும். செடி வைத்த கறையைச் செடியின் காயே எடுக்கும் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய அதிசயம்.

விலை விழுந்த ஒரு வருடம். பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூட மார்க்கெட்டில் தேறவில்லை. நாயனா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் டிராக்டரைக் கூப்பிட்டார். பழம் தொங்கத் தொங்க, ஒன்றரை ஏக்கரையும் மடக்கி உழுதார்கள். என் வாழ்க்கையில் தக்காளி நெடி அத்தனை கனமாக அடித்தது அன்றைக்குத்தான். வீடுவரை வந்தது. சாயங்காலம் சாப்பிடும்போதும் இருந்தது. அம்மா கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு பல வருடம் நான் தக்காளிச் செடி பக்கம் போகவில்லை. ஐ.டி.ஐ. முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போனதில் அந்த நெடிக்கும் ஒரு பங்கு உண்டு.

திரும்பி வந்தது ஒரு லென்ஸால். எங்கள் ஷாப்பில் சீவிய விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் வைத்திருப்போம். பழையது ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். துவைகல் பக்கம் தானாக முளைத்த செடியின் தண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அதை வைத்துப் பார்த்தேன். தண்டு முழுக்க மயிர். நீண்ட வெள்ளை மயிர்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். அவற்றுக்கு நடுவே குட்டையான மயிர்கள், ஒவ்வொன்றின் தலையிலும் குண்டூசித் தலை போல ஒரு மின்னல். விரலால் ஒரு தடவு தடவிவிட்டு மறுபடி பார்த்தேன். தடவிய கோட்டில் மின்னல்கள் இல்லை. விரலில் நெடி இருந்தது.

அத்தனை வருடமும் இலையின் வாசம் என்று நினைத்திருந்தேன். இலைக்குள் இல்லை அது. இலைக்கும் தண்டுக்கும் மேலே, அந்த மயிர்களின் தலையில் இருக்கிறது. தாவரவியல்காரர்கள் தக்காளியின் மயிர்களை வகை பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். நெடிக்கு முக்கியக் காரணம் ஆறாவது வகை. மெல்லிய காம்பின் மேல் நான்கு செல்கள் சேர்ந்த ஒரு தலை. அதற்குள் எண்ணெய் சேர்ந்திருக்கும். நம் தலைமுடி ஒன்றின் தடிமன்தான் அந்தத் தலையின் அகலம் இருக்கும். பூச்சியின் கால் பட்டாலே உடைகிற அளவுக்கு மெலிதாகச் செய்து வைத்திருக்கிறது செடி. உடைய வேண்டும் என்பதற்காகவே செய்த பாத்திரம்.

உள்ளே இருப்பது டெர்பீன் என்ற இனத்துப் பொருட்கள். அதிகம் இருப்பது பீட்டா ஃபெலாண்ட்ரீன், கூடவே கேரீன். தக்காளிக்கே உரிய அந்த மருந்து வாசத்தில் இவற்றுக்குப் பெரும் பங்கு. கொஞ்சம் லிமோனீன்; எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கினால் தெறிப்பது அதுவே. கொஞ்சம் பைனீன், பைன் மரத்தின் வாசம். கொஞ்சம் கேரியோஃபிலீன், மிளகிலும் கிராம்பிலும் இருப்பது. எலுமிச்சைத் தோல், மிளகு என்று என் மூக்கு சொன்னது கற்பனை இல்லை என்று தெரிந்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! படிக்காத மூக்கு சரியாகத்தான் படித்திருக்கிறது. கையில் ஏறும் மஞ்சளும் இதே மயிர்களிலிருந்து வருவதுதான். ஃபிளேவனாய்டு என்ற வகை. ஒட்டுவதற்குக் காரணம் சர்க்கரையோடு கொழுப்பு அமிலம் சேர்ந்த ஒரு பிசின். சின்னப் பூச்சிகளின் கால் அதில் மாட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் நான் அடிவாங்கியது அந்தச் செடியின் வேலிக்காக.

வீட்டில் ஒரே ஒரு தக்காளிச் செடி இருந்தாலும் இதைச் செய்து பார்க்கலாம். முதலில் இலையை நசுக்காமல், விரல் நுனியால் மேலே மேலே தடவி முகருங்கள். அது டெர்பீன் நெடி. பிறகு வேறொரு இலையைக் கிழித்து நன்றாகக் கசக்கி முகருங்கள். முன்னால் புல் வெட்டிய வாசம் வந்து நிற்கும். இது சேமித்து வைத்த வாசம் இல்லை. இலை கிழிபட்ட அந்த நொடியில் அதன் கொழுப்பு உடைந்து புதிதாகப் பிறப்பது. தொட்டால் ஒரு வாசம், காயம் பட்டால் இன்னொரு வாசம். பக்கத்தில் கத்திரிச் செடியோ மிளகாய்ச் செடியோ இருந்தால் அவற்றையும் தடவிப் பாருங்கள். மூன்றும் ஒரே குடும்பம்தான். ஆனால் தடவினால் கை மணப்பது தக்காளியில் மட்டும். நாற்றுப் பண்ணையில் குழித்தட்டு மாறிப்போனால் வேலை செய்கிற அக்காமார் ஒரு தடவலில் சொல்லிவிடுவார்கள்.

என் பதினான்கில் செர்ரிக்குத்தான் நெடி அதிகம். பி.கே.எம். அடுத்தது. ஹைப்ரிட் கொஞ்சம் மந்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. என் மண்ணில், என் மூக்குக்கு. விடியற்காலையில் எல்லாமே அடங்கி இருக்கும். எங்கள் ஊர்க் குளிர் அப்படி. வெயில் ஏறி ஒன்பது, பத்து மணி ஆனால் தொடாமலே காற்றில் வரும்.

இந்த நெடி இல்லாமல் போனால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு செடி இருக்கிறது. முகர்ந்தால் வாசமே வராத ஒரு திரிபு; வாசமற்றது என்றே அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தினர் அதை ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். அதன் மயிர்த் தலைகளில் டெர்பீன்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வயலில் சாதாரணத் தக்காளியோடு நட்டபோது, அங்கே உருளைக்கிழங்கை அழிக்கிற கொலராடோ வண்டுகள் வாசமில்லாத செடியைத்தான் தேடித் தின்று தீர்த்தன. இதைப் படித்தபோது உழுது போட்ட எங்கள் வயலை நினைத்துக்கொண்டேன். அன்று வீடுவரை வந்தது துக்கத்தின் வாசம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒன்றரை ஏக்கரில் அத்தனை செடியும் தன்னிடம் இருந்த காவலையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டியது அது.

ஆனாலும் இதை வெறும் காவல் என்று சொல்லி முடிக்க முடியாது. வாசம் எதிரிக்கும் வழி காட்டும். அம்மையார் கூந்தல் என்ற மஞ்சள் கொடியைப் பார்த்திருப்பீர்கள். வேலிச் செடியின் மேல் நூடுல்ஸைக் கொட்டியது போலப் படர்ந்திருக்கும். வேரும் இல்லை, இலையும் இல்லை; அடுத்த செடியை உறிஞ்சியே பிழைக்கும். அதன் விதை முளைத்ததும் சில நாட்களுக்குள் ஒரு செடியைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும். கண்ணில்லாத அது எப்படிச் செடியைக் கண்டுபிடிக்கிறது? அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தினர் 2006இல் காட்டினார்கள்: அந்தக் குலத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் முளை, தக்காளியின் வாசத்தை நோக்கி வளைந்து வளர்கிறது. செடியையே எடுத்துவிட்டு அதன் வாசச் சாற்றை மட்டும் வைத்தாலும் அந்தப் பக்கமே போகிறது. கோதுமையையும் தக்காளியையும் இரு பக்கமும் வைத்தால் தக்காளியைத் தேர்ந்தெடுக்கிறது. 2014இல் மகாராஷ்டிரத்தில் முதலில் தென்பட்டு அடுத்தடுத்த வருடங்களில் தெற்கே பரவிய தென் அமெரிக்க இலைத்துளைப்பான் அந்துப்பூச்சியும் முட்டையிட இந்த வாசத்தைத்தான் தேடி வருகிறது. தக்காளி பிறந்த மண்ணிலேயே பிறந்தது அது. பல்லாயிரம் வருடப் பழக்கம், நெடிக்கெல்லாம் பயப்படாது.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானியர்கள் 2014இல் சொன்ன விஷயம். அவர்கள் ஆராய்ந்த புழு நம் ஊர்ப் புழுவேதான்: புரோடீனியா என்று விவசாயிகள் சொல்லும் வெட்டுப்புழு. இராத்திரியில் தின்னும், பகலில் மண்ணுக்குள் ஒளியும். அந்தப் புழு ஒரு தக்காளியைத் தின்னும்போது, நான் சொன்ன அந்தப் புல் வாசம் காற்றில் போகிறது. பக்கத்துச் செடி அதை இழுத்துக்கொள்கிறது. இழுத்து, அந்த வாசப் பொருளோடு சர்க்கரையைக் கோத்து, புழுவுக்கு ஆகாத ஒரு பொருளாக மாற்றித் தன் இலையில் வைத்துக்கொள்கிறது. பிறகு அந்த இலையைத் தின்கிற புழு சரியாக வளராது. அடுத்த வீட்டில் அடிபட்ட வாசத்தையே எடுத்துத் தனக்கு மருந்து செய்துகொள்கிறது! என் மூன்றாவது வரிசையில் ஒரு செடியின் கொழுந்தைப் புழு தின்றிருந்தால் இப்போது நான் பக்கத்துச் செடிகளையும் நின்று பார்க்கிறேன். அங்கே ஒன்றும் தெரியாது. ஆனால் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது.

காய்ப்புழுவுக்கும் தக்காளியின் நெடி போதாது. அதற்கு எங்கள் பக்கத்தில் செண்டுமல்லி. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே சொன்ன முறை: பதினாறு வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. தக்காளி நாற்று 25 நாள் வயதில் இருக்கும்போது செண்டுமல்லி நாற்று 45 நாள் வயதில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே காலத்தில் பூக்கும். தாய்ப்பூச்சி முட்டையைச் செண்டுமல்லி மொட்டில் வைத்துவிட்டுப் போகும். வீட்டில் பதினாறு வரிசைக்கு எங்கே போவது? நான் இரண்டு ஓரத்திலும் மும்மூன்று செடி வைத்திருக்கிறேன். செண்டுமல்லி இலையைக் கிள்ளினால் அதற்கும் ஒரு தனி நெடி, இன்னும் காட்டமாக. இரண்டு கையிலும் இரண்டு நெடியை வைத்துக்கொண்டு மாறி மாறி முகர்வது என் பேத்திக்கு விளையாட்டு.

ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், நான் பட்டதால். முகரும் ஆசையில் எல்லாச் செடியையும் அடுத்தடுத்துத் தொட்டுக்கொண்டே போகக்கூடாது. ஒரு மழைக்காலத்தில், ஈரம் காயாத இலைகளைத் தொட்டுக்கொண்டே போனேன். அதில் ஒன்றில் புள்ளி நோய் இருந்திருக்கிறது. பத்து நாளில் அந்த வரிசை முழுக்கப் புள்ளி. ஈரத்தில் தொடாதீர்கள். பீடி, புகையிலை தொட்ட கையோடும் தொடாதீர்கள். புகையிலையிலிருந்து தேமல் வைரஸ் கைவழியாகவே வரும். அப்புறம், இலையை முகரலாம், சமையலில் போட வேண்டாம். அதில் டொமாடின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. நெடியோடு அதற்குச் சம்பந்தம் இல்லை, அதற்கு வாசமே கிடையாது.

நாயனா மூக்காலேயே நோய் சொல்வார். குளிர்காலத்தில் நாலைந்து நாள் தொடர்ந்து மூட்டமும் தூறலுமாக இருந்தால் விடியும் முன் வரப்பில் நின்று காற்றை இழுப்பார். இலையெல்லாம் வெந்தது போலக் கறுத்துப்போகும் கருகல் நோய் வயலில் பரவினால் தக்காளி நெடி மாறி, அழுகின வாடை ஒன்று கலந்து வரும். இலையில் நாங்கள் தேடிக் கண்டுபிடிக்கும் முன் அவர், "வந்துடுச்சு" என்பார். அந்த மூக்கை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நம்ப ஆசையாக இருக்கிறது.

எங்கள் ஷாப்பில் என் பக்கத்து மெஷினில் ஜார்க்கண்ட் பையன் ஒருவன். ராஞ்சிப் பக்கத்துக் கிராமம். வந்து எட்டு மாதம், தமிழ் பத்துச் சொல் தெரியும். போன மாதம் இரண்டாவது ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன் செடிகளுக்குக் குச்சி கட்டிவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமலே பஸ் ஏறிவிட்டேன். வேலையில் அவனிடம் ஒரு பீஸை நீட்டியபோது அவன் பீஸை வாங்கவில்லை. என் கையைப் பிடித்து முகர்ந்தான். "டமாட்டர்?" என்றான். அவன் வீட்டிலும் தக்காளிதானாம். குனிந்து மறுபடியும் முகர்ந்தான்.

மறுநாள் செர்ரிச் செடியில் பக்கக் கிளை ஒன்றைக் கிள்ளி, டிபன் பாக்ஸின் மேல்தட்டில் வைத்து எடுத்துப் போய்க் கொடுத்தேன். அவன் அதை மெஷின் பேனலின் மேல் வைத்தான். ஒரு மணி நேரத்தில் துவண்டுவிட்டது. ஆனால் மயிர்கள் உடையாமல் இருக்கும்வரை உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கசக்கவில்லை. ஒவ்வொரு பீஸ் முடிந்ததும் கையுறையைக் கழற்றி, தண்டில் ஒரே ஒரு இடத்தை மட்டும் தொட்டு முகர்ந்துவிட்டு, அடுத்த பீஸை மாட்டினான்.

இப்போது வாரத்துக்கு இரண்டு கிளை அவனுக்கு. துவைகல் பக்கத்துச் செடியில் கிள்ளுகிறேன். கிள்ளக் கிள்ள நன்றாகக் கிளைக்கிறது.